சல்சா கேள்வி - பதில்: சுற்றுவதற்கு முன் நிற்கப் பழகுங்கள்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் புதிதாக வகுப்பில் சேர்ந்தவர்களுடையவை. பேசிக் ஸ்டெப் (அடிப்படை அடி), டர்ன் (சுற்று), கிராஸ் பாடி லீட் (பார்ட்னரை முன்னால் கடக்கவிட்டு இருவரும் இடம் மாறுவது) என்று அடிப்படையையே கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி, ஏனென்றால் சல்சா என்ற இந்த ஜோடி நடனத்தில் பார்க்க அழகாக இருக்கும் முக்கால்வாசி விஷயங்கள் இந்த மூன்றையும் கலந்து செய்வதுதான். கீழே 1, 2, 3 என்று எண்ணியிருப்பதெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் பாணியில், அதாவது லீட் செய்பவர் (ஜோடியில் வழிநடத்துபவர்; அவரைப் பின்பற்றி ஆடுவது ஃபாலோ) முதல் பீட்டில் இடது காலை முன்னால் வைக்கும் முறையில் சொன்னது. வேறு பாணிகளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார், அது பின்னால் வருகிறது.

வகுப்பில் மாஸ்டர் எண்ணிச் சொல்லும்போது கால் ஒழுங்காகப் போகிறது. பாட்டு போட்டதும் எந்தக் கால் என்றே தெரியாமல் குழம்பிவிடுகிறேன். அதுவும் 4-லும் 8-லும் என்ன செய்வது, சும்மா நிற்பதா?
- வாசகர், கோவை

கால் நிற்கும், உடம்பு நிற்காது. உங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

லீட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1-ல் இடது கால் முன்னால். 2-ல் வலது கால் இருந்த இடத்திலேயே எடையை வாங்கிக்கொள்கிறது. 3-ல் இடது கால் திரும்பி வந்து வலது காலுக்குப் பக்கத்தில். 4 காலி. 5-ல் வலது கால் பின்னால், 6-ல் எடை இடது காலுக்கு, 7-ல் வலது கால் பழைய இடத்துக்கு, 8 காலி. எதிரே இருப்பவர் இதையே மாற்றிச் செய்வார்: 1-ல் வலது கால் பின்னால், 5-ல் இடது கால் முன்னால். எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடி, அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது 3-ஐத்தான். இடது காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார்கள், ஆனால் அந்தக் கால் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதே தவிர, எடை இன்னும் வலது காலில்தான் இருக்கிறது, அப்புறம் 5-க்கு வலது காலை எடுக்க வேண்டும் என்று மனது சொன்னாலும் உடம்பு அதைத் தூக்க முடியாமல் இடது காலை எடுத்துவிடுகிறது. மாஸ்டர் எண்ணும்போது அவர் குரலைக் கேட்டுச் சமாளிக்கிறீர்கள். பாட்டில் அந்தக் குரல் இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: 3 வைத்துவிட்டு அப்படியே நில்லுங்கள், வலது குதிகாலைத் தூக்குங்கள். உடம்பு சாயாமல் சுலபமாக வந்தால் எடை மாறியிருக்கிறது. தூக்குவதற்கு முன் இடுப்பு இடது பக்கம் நகர வேண்டியிருந்தால் மாறவில்லை. 7-லும் இதே சோதனை, இடது காலுக்கு.

4-ம் 8-ம் அதற்கான நேரம்தான். வைத்த காலின் மேல் இடுப்பு வந்து முழுதாக இறங்கும் அவகாசம். இடுப்பைத் தனியாக ஆட்டாதீர்கள், முழங்கால் மடங்கி நிமிரும்போதே அந்த அசைவு வந்துவிடும், வலிந்து ஆட்டுவது பார்த்தவுடன் தெரியும். அடி உங்கள் பாத நீளத்துக்கு மேல் வேண்டாம். சல்சா பாட்டுகள் நிமிடத்துக்கு 150 பீட்டிலிருந்து 250 பீட் வரைகூடப் போகும், பெரிய அடி வைத்தால் திரும்பி வர நேரமே இருக்காது.

பாட்டில் 1 எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் கேட்கிறது.
- வாசகி, திருச்சி

ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் காங்காவைச் சொல்வேன், கையால் அடிக்கும் அந்த உயரமான மேளம். அதன் அடிப்படை வாசிப்பில் 2-ல் 'டக்' என்று ஒரு கூர்மையான அடி விழும், 4-ல் 'டும் டும்' என்று வேகமாக இரண்டு திறந்த அடிகள் விழும். மறுபடி 6-ல் 'டக்', 8-ல் 'டும் டும்'. அந்த 'டும் டும்' முடிந்ததும் வருவது 1 அல்லது 5. இதைக் காதில் பிடித்துவிட்டால் உங்களுக்கு அடி எடுத்துவைக்கும் இடம் கிடைத்துவிடும். பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாடும் இரண்டாம் பகுதியில் பெரும்பாலும் ஒரு மாட்டுமணி சேரும், 1, 3, 5, 7 என்று அழுத்தமாக விழும், அங்கே இன்னும் சுலபம்.

1-ஐயும் 5-ஐயும் பிரிப்பது கொஞ்சம் பழகினால்தான் வரும். பாட்டு வரிகளும் ட்ரம்பெட் வாசிப்பும் எட்டு எட்டாகத்தான் சேர்ந்து வருகின்றன, புது வரி எங்கே எடுக்கிறது என்று கவனியுங்கள். பேஸ் கிட்டாரை மட்டும் நம்பாதீர்கள். நம் சினிமாப் பாட்டில் பேஸ் முதல் அடியில் விழுந்து பழகியிருக்கும், சல்சாவில் அது 4-லேயே முந்திக்கொண்டு வாசித்துவிட்டு 1-ஐ விட்டுவிடும். பேஸைப் பின்பற்றி ஆடுபவர்கள் எப்போதும் ஒரு பீட் முன்னால் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆடாமல் கேளுங்கள். பஸ்ஸில் போகும்போது காதில் போட்டுக்கொண்டு அந்த 'டும் டும்' எங்கே என்று மட்டும் தேடினால் போதும்.

வலது பக்கம் ஒரு டர்ன் செய்வதற்குள் தள்ளாடிவிடுகிறேன். முடிக்கும்போது பார்ட்னர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலையும் சுற்றுகிறது. வேகம் போதவில்லையா?
- வாசகி, சென்னை

வேகம் அதிகம் என்பதுதான் பிரச்சினையாக இருக்கும். இதைச் சுற்று என்றே நினைக்காதீர்கள். மூன்று அடி நடக்கிறீர்கள், நடுவில் இரண்டு முறை திரும்புகிறீர்கள்.

1, 2, 3 வழக்கமான பேசிக்தான். 3-ல் எடை வலது காலில். 4-ல் உங்கள் வலது கையைப் பார்ட்னர் உயர்த்துவது தெரிகிறது. தெரிந்ததும் நீங்கள் திரும்ப ஆரம்பித்துவிடுகிறீர்கள், அதுதான் முதல் தவறு. 4-ல் எதுவும் செய்யாதீர்கள். 5-ல் இடது காலை நேராக முன்னால் வையுங்கள், அந்த நேரம் அவர் பின்னால் போகிறார், இடம் இருக்கும். முழு எடையும் அந்தக் காலுக்குப் போகட்டும். போன பிறகு வலப்பக்கமாக அரைவட்டம் திரும்புங்கள். இப்போது உங்கள் முதுகு பார்ட்னர் பக்கம், வலது கால் உங்களுக்கு முன்னால் இருக்கும். 6-ல் எடை அந்த வலது காலுக்கு. மறுபடி வலப்பக்கமாக அரைவட்டம். 7-ல் இடது கால் வலதுக்குப் பக்கத்தில் சேர, முகம் மறுபடி அவரைப் பார்த்து. தொடங்கிய இடத்திலேயே முடித்திருப்பீர்கள்.

வேறு இடத்தில் போய் முடிகிறதென்றால் 5-ஐப் பாருங்கள். நேராக வைக்காமல் பக்கவாட்டில் வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் அடி பெரிதாக இருந்திருக்கும். தள்ளாட்டம் பெரும்பாலும் கையிலிருந்து வருவது. மேலே போன கையைப் பஸ் கம்பி போல இறுக்கிப் பிடித்து அதில் தொங்கிக்கொண்டு திரும்பினால், அவர் கை கொஞ்சம் நகர்ந்தாலும் நீங்களும் சாய்வீர்கள். அந்தக் கை உங்களுக்குச் சேதி சொல்ல வந்தது, தாங்குவதற்கு வரவில்லை. விரல்கள் அவர் விரல்களுக்குள் சுழல வேண்டும், கட்டைவிரல் எதையும் அழுத்தக்கூடாது, முழங்கை காதுக்குப் பின்னால் போகாமல் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும்.

தலைசுற்றலுக்கு: உடம்பு திரும்பத் தொடங்கினாலும் கண் கடைசி நொடி வரை பார்ட்னர் முகத்தில் இருக்கட்டும், முடியாத கட்டத்தில் தலையைச் சட்டென்று திருப்பி உடம்புக்கு முன்பே மறுபடி அவர் முகத்துக்கு வந்துவிடுங்கள். தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பினால் தலை சுற்றத்தான் செய்யும்.

வீட்டில் சுவரைப் பார்த்து நின்று, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டே இல்லாமல் செய்யுங்கள். 5 வைத்து நிறுத்துங்கள். திரும்பி நிறுத்துங்கள். 6 வைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒற்றைக் காலில் நிற்க முடிந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். இப்படி நின்று பழகியவர்களுக்கு இரண்டு சுற்று, மூன்று சுற்று எல்லாம் பின்னால் சுலபமாக வருவதைப் பார்த்திருக்கிறேன், முதல் நாளிலிருந்தே வேகமாகச் சுழன்றவர்களுக்கு ஒற்றைச் சுற்றே கடைசி வரை ஆட்டம் காண்பதையும் பார்த்திருக்கிறேன்.

லீட் செய்கிறவர்களும் இதைப் படிக்கலாம். உங்கள் வலது டர்னும் இதே கால்கள், இதே இரண்டு அரைவட்டம்தான். நீங்கள் அதை 1, 2, 3-ல் செய்வீர்கள், வேறு வித்தியாசம் இல்லை.

நான் லீட் செய்கிறேன். கையைத் தூக்கினாலும் பார்ட்னர் திரும்புவதில்லை. சுற்றிவிட்டால் கை வலிக்கிறது என்கிறார். எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும்?
- வாசகர், சிங்கப்பூர்

பலமே வேண்டாம், நேரம்தான் வேண்டும். 5-ல் கையைத் தூக்கினால் அவர் ஏற்கனவே காலை வைத்துவிட்டிருப்பார், அப்புறம் நீங்கள் இழுத்துத்தான் திருப்ப வேண்டும், அவருக்கு வலிக்கும். இடது கை 3-ல் கிளம்பி 4-ல் அவர் தலைக்கு மேல் இருக்க வேண்டும். நெற்றிக்கு நேரே ஒரு சாண் உயரம் போதும், ரொம்ப மேலே கொண்டுபோனால் அவர் தோள் தூக்கிக்கொள்ளும், சமநிலை போய்விடும். 5, 6, 7-ல் உங்கள் கை அவர் தலைக்கு மேல் ஒரு சின்ன வளையம் போட்டால் போதும். குழம்பு கிளறுகிற மாதிரி பெரிதாகச் சுழற்றுபவர்கள் பலர், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உங்கள் இரண்டு மூன்று விரல்களை அவருக்குக் கொடுங்கள், அவர் அவற்றைச் சுற்றித் திரும்பட்டும்.

இன்னொன்று, அவர் சுற்றும்போது நீங்கள் கால் ஆடாமல் நின்று வேடிக்கை பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். உங்கள் 5, 6, 7 தொடர வேண்டும். நீங்கள் நின்றுவிட்டால் அவருக்கு 7 எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

கிராஸ் பாடி லீடில் இருவரும் மோதிக்கொள்கிறோம். வழி விடுகிறேன், ஆனாலும் அவர் வரமாட்டேன் என்கிறார்.
- வாசகர், டொராண்டோ

இருவரும் ஒரு நீளமான கோட்டில் எதிரெதிரே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு அவருடையது, நீங்கள்தான் அதிலிருந்து விலக வேண்டும். 1-ல் முன்னால், 2-ல் எடை பின்னால், 3-ல் இடது காலைக் கோட்டுக்கு வெளியே வைத்து 90 டிகிரி இடப்பக்கம் திரும்பிவிடுங்கள். இப்போது கோடு உங்கள் எதிரே குறுக்காகக் கிடக்கிறது, அவர் உங்கள் வலப்பக்கம் நிற்கிறார். 5, 6, 7-ல் அவர் உங்கள் முன்னால் நேராக நடந்து மறுபக்கம் போய்த் திரும்புவார், நீங்கள் மீதி 90 டிகிரி திரும்பி அவரைப் பார்ப்பீர்கள். இடம் மாறியாயிற்று.

வராததற்குக் காரணம் உங்கள் வலது கையாக இருக்கலாம். அது அவர் இடது தோள்பட்டை எலும்பின் மேல் தட்டையாக இருக்க வேண்டும், இடுப்பில் அல்ல. 3-ல் அந்தக் கை அவரோடு அங்கேயே இருந்து, 4-லிருந்து மெதுவாக வழி காட்ட வேண்டும். பலர் தாங்கள் திரும்பும்போதே 3-ல் அவரையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள், அவரும் உங்களைப் பார்த்துக்கொண்டே வட்டம் அடிக்கிறார், கோடு போய்விடுகிறது, மோதல் வருகிறது. பார்ட்னருக்கும் ஒரு வார்த்தை: லீட் செய்பவர் விலகும்போது அவரைத் தொடர்ந்து திரும்ப வேண்டாம், 3-ல் நேராகவே நின்று, 5-ல் இடது கால், 6-ல் வலது கால் என்று நடந்து, 7-ஐ நெருங்கும்போதுதான் திரும்ப வேண்டும்.

இது சரியாக வந்த பிறகு, அவர் அந்த நடையிலேயே இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றுவதைச் சேர்க்கலாம். அதற்கு முன் சேர்க்காதீர்கள்.

ஒரு வகுப்பில் 'ஆன் 1', இன்னொரு வகுப்பில் 'ஆன் 2' என்கிறார்கள். நண்பர் ஒருவர் கியூபன் சல்சாதான் அசல் என்கிறார். எது சரி?
- வாசகர், பெங்களூரு

எல்லாமே சரிதான், ஊர்தான் வேறு. கிழக்குக் கியூபாவின் சோன் என்ற இசையிலிருந்து கிளம்பிய ஒரு மரபு நியூயார்க்கில் மாம்போ என்ற இசையாகவும் நடனமாகவும் வளர்ந்தது. அங்கே பலேடியம் என்ற நடன அரங்கில் 1950-களில் மச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரோட்ரிகெஸ் இசைக்குழுக்கள் வாசிக்க, புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களும் கறுப்பினத்தவரும் யூதர்களும் இத்தாலியர்களும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1966-ல் அது மூடப்பட்டது. 1964-ல் ஜானி பசேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம்தான் 'சல்சா' என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஆன் 2 நியூயார்க்கின் முறை. புவென்டேயின் குழுவோடு மேடையில் ஆடிய எடி டோரஸ் அதற்கு ஒழுங்கான எண்ணிக்கை கொடுத்துக் கற்றுக்கொடுத்ததால் பரவியது. அதிலும் 1, 2, 3, 5, 6, 7-ல்தான் கால் விழும், ஆனால் திசை மாறுவது 2-லும் 6-லும். காங்காவின் 'டக்' விழும் இடம் அது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் மேளத்தோடு சேர்ந்து ஆடும் சுகம் அதில் தனி. ஆன் 1-ல், அதாவது மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலஸ் முறையில், திசை மாறுவது 1-லும் 5-லும், பாட்டு வரிக்கும் ட்ரம்பெட்டுக்கும் நெருக்கமாக இருக்கும். கியூபாவில் ஆடுவதைக் கஸினோ என்பார்கள், அதில் கோடு கிடையாது, இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றி வட்டமாக ஆடுவார்கள், பல ஜோடிகள் வளையமாக நின்று ஒருவர் கூப்பிடும் பெயருக்கு ஏற்பப் பார்ட்னர் மாற்றிக்கொள்ளும் ருவேதாவும் உண்டு. உங்கள் கிராஸ் பாடி லீடின் உறவுக்காரர் அங்கே 'தீலே கே நோ'. கொலம்பியாவின் காலி நகரம் இன்னொரு உலகம். அங்கே நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் போட வேண்டிய இசைத்தட்டுகளை 45 சுற்று வேகத்தில் போட்டு ஆடியிருக்கிறார்கள், அந்தக் கால் வேகம் இன்றும் அவர்கள் அடையாளம்.

உங்களுக்கு நான் சொல்வது: உங்கள் ஊரில் சனிக்கிழமை இரவு அதிகம் பேர் எதை ஆடுகிறார்களோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பார்ட்னர் கிடைத்தால்தான் ஆட்டம் வளரும். ஒன்றில் கால் நிலைத்த பிறகு மற்றதற்குப் போங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் இரண்டும் கலந்துவிடும். அசல் எது என்ற சண்டையில் சேராதீர்கள், அதில் நேரம் போகுமே தவிர ஒரு ஸ்டெப்பும் வராது.

பத்து வருடம் பரதநாட்டியம் ஆடியிருக்கிறேன். சல்சா சுலபமாக வரும் என்று நினைத்தேன், வரவில்லையே?
- வாசகி, மதுரை

உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் வளர்ந்தவருக்கு 4-லும் 8-லும் வரும் வெற்றிடம் பயம் தராது, எண்ணிக்கை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மூன்று பழக்கங்கள் குறுக்கே நிற்கும். அரைமண்டியில் முழங்கால் வெளியே விரிந்து பழகியிருக்கிறது, இங்கே அது முன்னால் பார்க்க வேண்டும், கால்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கடக்க வேண்டும். பாதம் முழுதாகத் தட்டிப் பழகியிருக்கிறது, இங்கே முன்பாதம் சத்தமில்லாமல் முதலில் இறங்கும், குதிகால் பிறகு.

மூன்றாவதுதான் கஷ்டமானது. மேடையில் அடுத்த அடவு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே தெரியாது, தெரியவும் கூடாது. நல்ல நடனக்காரிகள் பலர் ஃபாலோ செய்யும்போது, அடுத்து டர்ன்தான் வரப்போகிறது என்று ஊகித்து லீட் வருவதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள். 4-ல் ஒரு கணம் ஒன்றும் தெரியாமல் நிற்பதற்குப் பழகுங்கள். உங்களுக்கு லீட் செய்வதும் நன்றாக வரும் என்பது என் எண்ணம், ஆண்தான் லீட் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இரண்டையும் கற்றுக்கொண்டவர்கள்தான் வேகமாக முன்னேறுகிறார்கள்.

என்ன ஷூ வாங்குவது? டர்ன் செய்தால் முழங்கால் வலிக்கிறது.
- வாசகர், சேலம்

ரப்பர் அடி போட்ட ஷூவாக இருக்கும். அது தரையைப் பிடித்துக்கொள்ளும், பாதம் அங்கேயே நிற்க உடம்பு திரும்பும், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். நடன ஷூக்களின் அடியில் ஸ்வேட் தோல் இருக்கும், வழுக்கவும் செய்யும் பிடிக்கவும் செய்யும். உடனே வாங்க முடியாவிட்டால் தோல் அடி உள்ள பழைய ஆபீஸ் ஷூ போதும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸ் தரையில் சுற்றாதீர்கள், விழுந்து கையை உடைத்துக்கொள்வீர்கள். திரும்பும்போது எடை முன்பாதத்தில் இருக்கட்டும், குதிகால் தரையை விட்டு ஒரு நூல் அளவு எழும்பினால் போதும். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள், வலியோடு ஆடாதீர்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பீட் தவறிவிட்டால் என்ன செய்வது? பார்ட்னர் உடனே திருத்த ஆரம்பித்துவிடுகிறார், வெட்கமாக இருக்கிறது.
- வாசகி, புதுச்சேரி

வகுப்பில் திருத்தலாம், ஆடும் இடத்தில் கேட்காமல் திருத்துவது மரியாதை இல்லை. "பாட்டு முடிந்ததும் சொல்லுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டால் அடுத்த முறை அவரோடு ஆட வேண்டாம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு.

தவறியதும் ஓடிப்பிடிக்கப் பார்க்காதீர்கள். டர்ன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையை விடாமல், இருந்த இடத்தில் எடையை இரண்டு காலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். 'டும் டும்' எங்கே என்று கேளுங்கள். இரண்டு மூன்று எட்டு போனாலும் பரவாயில்லை. எடை இடது காலில் இருக்கும்போது 1 வந்தால் வலது காலைப் பின்னால் வையுங்கள், ஆட்டம் மறுபடி தொடங்கிவிடும்.